பிரேக் பேட் வாங்கப் போனேன்

கார் பிரேக்குக்கும் நம் பக்கங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. பருப்பில் கல் இருக்கிறதா, எண்ணெயில் கலப்படமா என்று பார்த்துப் பார்த்து வாங்குகிற நாம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியின் பிரேக்கை மட்டும் 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டு ஆல்ட்டோவைப் பெரும்பாலும் ஓட்டுவது நான்தான். விளாங்குடியிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் ஏறினால் பஸ், லாரி, பரவை மார்க்கெட்டுக்குப் போய்வரும் காய்கறி வண்டி, குறுக்கே புகும் ஷேர் ஆட்டோ. பாத்திமா காலேஜ் போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை பிரேக்கை மிதிக்கிறோம் என்று எண்ணி மாளாது.

கொஞ்ச நாளாகவே மிதித்தால் 'கீச்' என்று ஒரு சத்தம். "மழையில நனைஞ்சிருக்கும், விடு" என்றார் வீட்டுக்காரர். மழை ஈரத்தால் வருகிற சத்தம் நாலு தடவை பிரேக் போட்டதும் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. பேட் தேய்ந்துபோனால் உரசிச் சத்தம் போடட்டும் என்றே சில பேடுகளில் சின்னத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். குக்கர் விசில் மாதிரிதான். காதில் விழுந்த பிறகும் சும்மா இருந்தால் அடி பிடிப்பது நிச்சயம்.

வீலைக் கழற்றச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். "மூணு மில்லிக்குக் கீழ வந்துருச்சுக்கா" என்றான் மெக்கானிக் தம்பி. புதுசில் உரசுகிற பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இன்னும் ஓட்டினால் பின்னாலிருக்கிற இரும்பு, டிஸ்க்கில் நேராக உரசி அதையும் கெடுத்துவிடும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

அந்தப் பட்டறையில் முதலில் எடுத்து நீட்டியது பெயரே இல்லாத அட்டைப் பெட்டி. நானூறு ரூபாயாம். "வண்டியே பழசு, இது போதுமே" என்றார் இவர். வண்டி பழசானால் என்ன, பின் சீட்டில் உட்காருகிற பிள்ளைகள் பழசா? நான் ஒத்துக்கொள்ளவில்லை.

டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன். பேடில் பல வகை. இரும்புத் தூள் கலந்தது சூட்டைத் தாங்கும். ஆனால் சத்தம் வரும், டிஸ்க்கையும் கொஞ்சம் தின்னும். நார், பிசின் கலந்தது மிருதுவாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். செராமிக் என்பது தூசி குறைவு, சத்தம் குறைவு, விலை ஜாஸ்தி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, காய்கறி வாங்கி வருகிற வண்டிக்குச் செராமிக் அவசியமே இல்லை என்பது என் கட்சி. கார் கம்பெனி போட்டனுப்பிய அதே ரகம், அதே பார்ட் நம்பர் போதும்.

அதற்கு நம் பக்கத்துச் சரக்கே இருக்கிறது. மதுரையில் 1911-ல் ஆரம்பித்த டி.வி.எஸ். வழியில் வந்த பிரேக்ஸ் இந்தியா, 1962-லிருந்து சென்னை பாடியில் இருக்கிறது. பேர் பெற்றதற்கெல்லாம் போலியும் உண்டே! பெட்டியில் எழுத்துப் பிழை, தயாரித்த மாதம் இல்லாதது, பில் தரத் தயங்குவது – இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். நான் வாங்கிய செட் ஆயிரத்துச் சொச்சம்.

பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். இதுதான் முக்கியமாக நமக்கு. ஒரு காலத்தில் பிரேக் லைனிங் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ்தான். அதன் தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். அதில் எல்லா வகையுமே ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-லிருந்து தடை. மற்ற நாடுகளில், புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்தே இந்த நோயை வாங்கிக்கொண்ட மனைவிமார் உண்டு. பேர் தெரியாத பெட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பட்டறைப் பையன் பழைய தூசியைக் காற்றடித்து ஊதக் கிளம்பினான். "ஊதாதே தம்பி, ஈரத்துணியால துடை" என்றேன். சிரித்தான், ஆனாலும் துடைத்தான். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நேரம் வெளியே போய் நின்றுகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தாலும் முன் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எங்கள் வண்டியில் பின்னால் டிரம். அதையும் திறந்து பார்க்கச் சொன்னேன், லைனிங் நன்றாகவே இருந்தது. பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; மலை இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து, மிதி உள்ளே போய்விடும்.

புது பேட் டிஸ்க்கோடு படிய முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை முன்னால் போகிற வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, நிதானமாக ஓட்டுகிறேன். கொடைக்கானல் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். அது அடுத்த மாதம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.