கழுத்து வலி: பாதி வேலை நம் கையில்



"கழுத்து வலிக்கு என்ன டீச்சர் செஞ்சீங்க?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

34 ஆண்டுகள் கரும்பலகையில் அண்ணாந்து எழுதி, குனிந்து நோட்டுத் திருத்திய கழுத்து என்னுடையது. மாமல்லபுரத்துப் பட்டறைகளில் உளி பிடிக்கும் என் மாணவர்கள் நாள் முழுக்கக் கல்மேல் குனிகிறார்கள். அவர்களில் ஒருவர், வலி தாங்காமல் தொழிலையே விட்டுவிடலாமா என்று கேட்டார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர்கள் கதையும் இதேதான். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. குனியக் குனியப் பின்கழுத்துத் தசைக்குப் பாரம் கூடும்.

ஓயாமல் இறுகிய தசையில் கயிறுபோல ஒரு திரட்சியும் அதில் ஒரு முடிச்சும் தட்டுப்படும். 'டிரிகர் பாயின்ட்' என்கிறார்கள். அங்கே அழுத்தினால் வேறிடத்தில் வலிக்கும். எனக்கு வலித்தது நெற்றிப்பொட்டில். கண் டாக்டர் கண்ணில் கோளாறில்லை என்று அனுப்பிவிட்டார். பிசியோதெரபிஸ்ட் தோள்பட்டை மேட்டில் ஓரிடத்தை அழுத்தினார். அதே வலி நெற்றிப்பொட்டில் வந்துவிட்டது! அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் அம்மையார், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து, எந்த முடிச்சின் வலி எங்கே போகும் என்று படம் போட்டு 1983இல் புத்தகமே எழுதியிருக்கிறார்.

முடிச்சை அரை நிமிடம், ஒரு நிமிடம் நிதானமாக அழுத்திப் பிடித்து, பிறகு தசையை மெல்ல நீட்டிவிடுவார்கள். உடனே சுகம் தெரியும். ஆனால் பயிற்சி செய்யாவிட்டால் சில நாளில் வலி திரும்பிவிடும். எனக்குத் தந்த வீட்டுப்பாடம் இது:

1. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்த வேண்டும். 10 முறை.
2. சுவருக்கும் தோளுக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். கழுத்தெலும்பின்மேல் கூடாது.
3. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்.

சிற்பிப் பிள்ளைகளே, சிறு சிலையானால் மேடைமேல் தூக்கி வைத்துச் செதுக்குங்கள்.

சலூனில் கழுத்தைத் திருகி நெட்டி எடுக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்புண்டு. கை மரத்துப்போதல், பலம் குறைதல், நடை தடுமாற்றம், காய்ச்சல், அடிபட்ட வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

செலவுக்குப் பயந்து வலியைப் பொறுக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி உண்டு. நடமாட முடியாத பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டுப்பாடம் முடித்தவர்கள் கமெண்டில் கையைத் தூக்குங்கள்!