தாளம் தந்தவர்களின் பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

"சுராங்கனி" பாட்டைக் கேட்காத ஆள் எங்கள் ஊரில் இருக்க முடியாது. பாடசாலைச் சுற்றுலாவுக்கு பஸ் புறப்பட்டு ஊரைத் தாண்டினால் போதும், பின் ஆசனத்தில் யாராவது தட்டத் தொடங்கிவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களச் சாரதி, எல்லாருக்கும் அந்தப் பாட்டு வரும். மீனோடு வந்து ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற சாதாரணப் பாட்டுத்தான். ஆனால் கை சும்மா இருக்காது.

அந்தப் பாட்டைத் தமிழர்களிடம் கொண்டுசேர்த்தவர் ஏ.ஈ. மனோகரன். இலங்கைத் தமிழர். "பொப் இசைச் சக்கரவர்த்தி" என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நித்தி கனகரத்தினம் போன்றவர்களோடு சேர்ந்து தமிழில் பொப் பாட்டு என்ற ஒன்றை இந்த நாட்டில் ஊன்றியவர். இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோனது. செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978இல் வந்த "வாடைக்காற்று" படத்திலும் நடித்தார். பிறகு தமிழ்நாட்டுக்குப் போனார். அங்கே அவருக்கு "சிலோன் மனோகர்" என்று பெயர். படங்களில் பெரும்பாலும் வில்லன் வேடம். மேடையில் மட்டும் அவர்தான் கதாநாயகன். 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார்.

சிங்களச் சொற்கள் உள்ள ஒரு பைலாப் பாட்டை ஒரு தமிழர் பாடி, அது தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகள் வரை போனது. 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது ஒலித்தது. இன, மொழிச் சண்டையிலேயே காலம் கழித்த நாடு இது. அப்படியொரு நாட்டில் இது சின்ன விடயமில்லை.

இனி நாங்கள் சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

மனோகரன் பாடிய அந்தத் தாளம் அவருடையது அல்ல. அதற்கு முன் அது சிங்களப் பைலாக்காரர்களிடம் இருந்தது. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதற்குச் சிங்களச் சொற்களைப் போட்டு மேடையேற்றினார். அவரைத்தான் "பைலாவின் தந்தை" என்கிறார்கள். அவருக்குப் பிறகு வந்த எம்.எஸ். பெர்னாண்டோ "பைலா சக்கரவர்த்தி" ஆனார்.

வொலி பஸ்தியனும் அதை உண்டாக்கவில்லை. "கஃப்ரிஞ்ஞா" என்று ஓர் ஆட்ட இசை ஏற்கெனவே இருந்தது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீடுகளில் கல்யாணத்துக்கு ஆடுவது. "பைலா" என்பதே போர்த்துக்கேயச் சொல்தான், ஆடுவது என்று அர்த்தம். ஆனால் "கஃப்ரிஞ்ஞா" என்ற பெயருக்குள் வேறு ஓர் ஆள் இருக்கிறார். காப்பிரி. அதாவது ஆபிரிக்கர்.

மூன்று மூன்றாக எண்ணிக் கைதட்டிப் பாருங்கள். ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு. ஒன்றிலும் நாலிலும் அழுத்துங்கள். உடம்பு தானாக அசையும். இந்தத் தாளத்தில் அவர்களுடைய சொத்தும் இருக்கிறது.

போர்த்துக்கேயர் 1620களில் எங்கள் ஊரில் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். மூவரும் ஆபிரிக்கர்களைக் கடல் தாண்டி இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள்தான். மொசாம்பிக் பக்கத்திலிருந்து, சிலரைக் கோவா வழியாக. அடிமைகளாக, கூலிகளாக, படையாட்களாக. கொழும்பில் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் "அடிமைத் தீவு" என்று பெயர் வந்ததும் அந்தக் கதையால்தான். அவர்களின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். புத்தளத்தில் சிரம்பியடியில் ஒரு சமூகமாக வாழ்கிறார்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் சில குடும்பங்கள். சிரம்பியடியில் "மஞ்ஞா" என்று ஒரு பாட்டு முறை உண்டு. ரபான், சிரட்டை, போத்தலும் கரண்டியும் அடித்துப் பாடுவார்கள். பாட்டில் இருப்பது பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி. பாடுகிறவர்களுக்கே பல சொற்களின் அர்த்தம் மறந்துபோய்விட்டது. தாளம் மறக்கவில்லை.

இந்த வரிசையைப் பாருங்கள். இளையராஜாவுக்குப் பெயர் இருக்கிறது. மனோகரனுக்குப் பெயர் இருக்கிறது. எம்.எஸ். பெர்னாண்டோவுக்கும் வொலி பஸ்தியனுக்கும் பட்டமே இருக்கிறது. வரிசையில் முதலில் நிற்பவருக்கு மட்டும் பெயர் இல்லை. அவருக்கு நாங்கள் மிச்சம் வைத்திருப்பது ஒரு வசைச்சொல்.

"காப்பிலி."

இது வரலாற்றுப் புத்தகப் பிரச்சினை இல்லை. எங்கள் வகுப்பறைப் பிரச்சினை. கடந்த வருடம் எட்டாம் தரத்தில் ஒரு பையன் இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய உம்மா வந்தார்.

"சேர், இவன் தலையை மொட்டை அடிச்சுவிடச் சொல்லி அழுறான். இல்லாட்டி பள்ளிக்கூடம் வரமாட்டானாம்."

பிள்ளைக்குச் சுருள் முடி. கொஞ்சம் கறுப்பு. பெயர் சூட்டிவிட்டார்கள். சூட்டிய பையன்கள் யார் என்று விசாரித்தோம். இடைவேளையில் "காம் டவுன்" பாட்டுப் பாடி டிக்டொக்கில் ஆடுகிற அதே கூட்டம்! அந்தப் பாட்டைப் பாடிய றேமா நைஜீரியாவின் பெனின் நகரத்தில் 2000இல் பிறந்தவர். எட்டு வயதில் வாப்பாவை இழந்தவர். 2022இல் வந்த அந்த ஒரு பாட்டால் உலகம் முழுக்கப் போனவர். எங்கள் பையன்கள் அவரைப் போல முடி வைக்க ஆசைப்படுகிறார்கள். போனுக்குள் இருக்கிற ஆபிரிக்க முடி அழகு. பக்கத்து மேசையில் இருக்கிற சுருள் முடி கேலி.

நாங்கள் யாரையும் அடிக்கவில்லை. ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டோம். ஒரு சோடாப் போத்தலும் தேக்கரண்டியும் கொண்டுபோய், "சுராங்கனி"யை ஓடவிட்டு, பிள்ளைகளையே தட்டச் சொன்னோம். நன்றாகத் தட்டினார்கள். "இது ஆருடைய தாளம்?" என்று கேட்டோம். "சிங்களவர்ர" என்றான் ஒருவன். "தமிழ்ப் படம்" என்றான் இன்னொருவன். பிறகு மேலே எழுதியதையெல்லாம் வரைபடத்தோடு சொன்னோம். றேமாவின் நாடு ஆபிரிக்காவின் மேற்குக் கரை, இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கரை, இரண்டும் ஒன்றல்ல என்பதையும் காட்டினோம். மொசாம்பிக்கிலிருந்து எங்கள் துறைமுகம் வரை ஒரு பிள்ளை விரலால் கடலில் கோடு இழுத்தது. வகுப்பு அமைதியாக இருந்தது.

பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வந்தோம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் கடமை எங்களுக்கு இன்னும் கூட. ஏனென்றால் அதன் வேர் அரபுச் சொல், "காஃபிர்". கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வியாபாரம் செய்த முஸ்லிம்கள், தங்கள் மார்க்கத்தில் இல்லாதவர்களை அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்து ஒரு நிறத்துக்கும் முடிக்கும் பெயராக்கினார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தொடர்ந்தார்கள். தமிழில் காப்பிரி, காப்பிலி ஆயிற்று. சிரம்பியடி மக்கள் அதைத் தங்கள் இனப்பெயராகவே சங்கடமில்லாமல் சொல்கிறார்கள். அது அவர்களின் உரிமை. தென்னாபிரிக்காவில் அதே சொல்லைச் சொல்லித் திட்டியதற்காக 2018இல் ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே கிடைத்தது. சொல் ஒன்றுதான். சொல்கிறவர் யார், என்ன நோக்கத்தோடு சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"இசை ஹராம், ஆசிரியர் பைலா படிப்பிக்கலாமா?" என்று கேட்கப்போகும் சகோதரர்களுக்கு: அந்த விவாதத்தை உலமாக்களிடம் விடுவோம். ஒருவரையொருவர் பட்டப்பெயரால் இழிவாக அழைக்கக் கூடாது என்று சூறா அல்-ஹுஜுறாத்தின் 11ஆவது வசனம் தடுப்பதில் எந்த உலமாவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லத் தேர்ந்தெடுத்த குரல் ஓர் ஆபிரிக்கருடையது. பிலால் (ரழி) என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். பிலாலின் நிறத்தில் ஒரு பிள்ளை வந்தால் கேலி செய்கிறோம்.

அந்தப் பையன் முடியை வெட்டாமலே திரும்பி வந்தான். கேலி செய்தவர்களில் ஒருவன் இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. ஆனால் இப்போது அவன் வாயெடுத்தால் மற்றவர்கள் தடுக்கிறார்கள். ஒரு பாடவேளைக்கு அது போதும் என்று நினைக்கிறோம்.

பிள்ளைகள் இந்தச் சொல்லைப் பாடசாலையில் படிக்கவில்லை. வீட்டில் படித்திருக்கிறார்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எடுக்கிற சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது ஸ்பீக்கரில் கேட்டுப் படித்திருக்கிறார்கள். அங்கே தங்கள் பிள்ளையை யாராவது நிறம் சொல்லிக் கூப்பிட்டால் அதே சொந்தக்காரர் எவ்வளவு கொதிப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ பைலா ஓடும்போது, பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். மனோகரனின் பெயரையும் சொல்லுங்கள், அவருக்கு முன்னால் நின்றவர்களையும் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் வாழ்ந்த ஆபிரிக்க வழிக் குடும்பங்களை உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கு ஞாபகம் இருந்தால், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், என்ன பாடினார்கள் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.