கேமரன் மலையில் அப்பாவின் லேண்ட் ரோவர்

தாப்பாவிலிருந்து வளைந்து ஏறி ரிங்லெட்டைத் தாண்டினால், காய்கறி ஏற்றிய பழைய லேண்ட் ரோவர்கள் எதிரே வரும். அப்பா விட்டுச்சென்ற என் வண்டியும் அதே இனம்தான். ஏற்றத்தில் திணறியது. ரோன் 97 ஊற்றியும் மாற்றமில்லை. சூப்பர்சார்ஜர் மாட்டலாமா என்று தானா ராத்தாவில் பட்டறை அண்ணனிடம் கேட்டேன்.

"தம்பி, இந்த 2.25 லிட்டர் இன்ஜினுக்கு அழுத்த விகிதம் 8:1தான். ரோன் 95 தாராளம். 1,400 மீட்டர் உயரத்துல காத்து மெலிசு. அதான் மூச்சு வாங்குது. சூப்பர்சார்ஜர் காத்தைத் திணிக்கும். அழுத்தமும் சூடும் ஏறும். அப்பதான் 97 வேணும். இல்லன்னா இன்ஜின் தட்டும், பிஸ்டன் போயிடும். வயசான உடம்பு, தாங்காது."

கார்புரேட்டரைக் கழுவி, தீப்பொறி நேரத்தைச் சரிசெய்து கொடுத்தார். இரண்டாம் கியரில், அப்பா ஓட்டிய அதே வேகத்தில், பிரிஞ்சாங் வரை ஏறினேன். அவசரம் எனக்குத்தான் இருந்திருக்கிறது, வண்டிக்கு இல்லை.