உள்ளே கிடக்கும் கீறல்

கேட்டி ஒருகாலம் நெல் விளைந்த ஊர். இன்று அந்த வயல்களில் வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும். அதிலொன்றின் குசினியில் நாங்கள் மூன்று பெண்கள் நிற்கிறோம். மூவரும் அகதிகள். மூவரும் முதற்பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் பெற்றோம். வெங்காயம் உரிக்கும்போது அரசியல் கதைப்போம் என்று யாரும் நினைத்தால் பிழை, இதைத்தான் கதைப்போம்.

எங்களில் மூத்தவவுக்கு 2009 தை மாதம் வன்னியில் ஒப்பரேஷன். பிள்ளை கால் முன்னுக்கு இருந்தது. தையல் ஆற முதலே இடம்பெயர்வு. மாசித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியே ஷெல்லடியால் கைவிடப்பட்டது. கிளினிக் கொப்பி, துண்டு எல்லாம் முள்ளிவாய்க்காலோடு போயின. பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவளிடம் கொப்பி எங்கே என்று கேட்க எவருக்கு வாய் வரும்?

வந்தது. 2021இல், இங்கே இரண்டாவது வயிற்றில் இருந்தபோது.

குறுக்காக வெட்டினார்களா, நெடுக்காகவா என்று கேட்டார்கள். அவ தழும்பைக் காட்டினா. அது போதாது. தோலில் உள்ள கோடு வேறு, கருப்பையில் உள்ள கோடு வேறு. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டென்றால், அடுத்த பிரசவ நோவில் அது பிரியும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மேலே நெடுக்கு வெட்டென்றால் பல மடங்கு, நோவெடுக்கவே விடமாட்டார்கள். பிரிந்தால் நிமிடக் கணக்குத்தான்.

ஒருமுறை கீறினால் பிறகும் கீறத்தான் வேணும் என்பது 1916இல் நியூயோர்க் டொக்டர் எட்வின் கிரேகின் சொன்னது. நெடுக்கு வெட்டின் காலம் அது. 1996இல் அமெரிக்காவில், முன்பு கீறப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 28 பேர் கீறாமல் பெற்றார்கள். 1999இல் மகப்பேற்று மருத்துவர் கல்லூரி, டொக்டர்மார் உடனடியாகக் கிடைக்கவேண்டும் என்று சொல்ல, பல ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தின. 2004இல் அது பத்துக்கும் கீழே. 2010இல் கல்லூரி தளர்ந்தது. எந்த வெட்டென்று தெரியாவிட்டாலும், நெடுக்கு வெட்டென்று சந்தேகிக்கக் காரணம் இல்லையென்றால் முயலலாம் என்கிறது.

முதற்போன இடம் மாட்டோம் என்றது. எங்களில் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவள் அந்த வாசகத்தை அச்செடுத்துக்கொண்டு, ஹூஸ்டன் நகருக்குள் இன்னொரு டொக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். எத்தனை மாதம்? நிறைமாதம். ஏன் கீறினார்கள்? கால் முன்னுக்கு. நல்ல குறைமாதம் என்றால்தான் நெடுக்கு வெட்டுச் சந்தேகம் கூட. தொலைந்த துண்டுக்குப் பதில் அவவின் ஞாபகம் நின்றது.

பதினான்கு மணித்தியால நோ. வயிற்றைச் சுற்றிப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் பட்டி. பெண்பிள்ளை. "கீறாமப் பெத்தது பெரிசில்லை, அடுத்தநாள் நானே எழும்பி நடந்தன், அதுதான்" என்றா. மூன்றாம் கிழமை கோப்பை கழுவ வந்துவிட்டா. லீவுக்கு யார் காசு தருவது?

அடுத்தவளுக்கு நோ பாதியில் நின்றுவிட, திரும்பவும் கீறினார்கள். முயல்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குத்தான் சரிவரும். ஊரிலிருந்து மாமியார் போனில் சொன்னதை இங்கே எழுத மனமில்லை.

மூன்றாமவளுக்குப் போன வருடம் முதற்பிள்ளை. வார்ட்டை விட்டு வெளிக்கிட முதல் ஒப்பரேஷன் அறிக்கையைக் கேட்டு வாங்கினோம். கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு என்று இருக்கிறது. அகதி வழக்குக் கோப்பில், பிறப்புச் சான்றிதழ்களுக்குப் பின்னால் அதை வைத்திருக்கிறோம்.