பரணில் இருந்த கரடி

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, லீவுக்கு வர்றோம். அதுக்குள்ள பரண்ல இருக்கற பழைய பொம்மையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. தூசி பட்டாலே இவனுக்கு இழுப்பு வந்துடுது."

பேரனுக்கு ஐந்து வயது. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவை அவளுடைய பொம்மைகள். நாங்கள் காட்டுப்பாக்கத்துக்குக் குடிவந்தபோது என் மனைவி மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியவை. அவள் போய் நான்கு வருடமாகிறது. அந்த மூட்டையை நான் இறக்கியதே இல்லை.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் இப்படிப்பட்ட பொம்மையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கரடி பொம்மைக்கு 'நூனூர்ஸ்' என்று பெயர். 1902-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார். அவருடைய செல்லப் பெயரால் வந்ததுதான் 'டெடி'. நமக்கு வாய்த்ததோ மரப்பாச்சியும் மண் பொம்மையும். துவைக்கிற வேலையே கிடையாது.

மூட்டையில் பதினொரு பொம்மைகள். பழைய குமாஸ்தா புத்தி, கோப்புகளைப் போலவே தரம் பிரித்தேன். ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என எழுதிக் கட்டி வைத்த கை அல்லவா! உள்ளே ஸ்பாஞ்சு பொடிப்பொடியாகிவிட்டவை நான்கு; அவை குப்பைக்குப் போயின. பாட்டுப் பாடும் முயல் ஒன்றில் பேட்டரி கசிந்து துணியே அரித்திருந்தது. அதுவும் போயிற்று. மிச்சம் ஆறு.

இழுப்புக்குக் காரணம் தூசி மட்டுமல்ல, அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு ரொம்பவும் பிடிக்கும். 60 டிகிரி வெந்நீரில் அது செத்துவிடும். கொதிக்கும் நீரில் சம அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். கண், மூக்கு பசையால் ஒட்டியிருந்தால் அந்தச் சூட்டில் கழன்றுவிடும். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒருநாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். அதோடு விட்டுவிடக் கூடாது. பூச்சி செத்தாலும் அதன் கழிவு துணியிலேயே இருக்கும். இழுப்பைக் கிளப்புவது அதுதான். எடுத்து வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும்.

எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்திப் பிழிந்து மொட்டை மாடியில் போட்டேன். சித்திரை வெயிலில் ஐந்தும் மறுநாளே மொறமொறவென்று காய்ந்துவிட்டன.

ஆறாவது, கரடி. வாளியில் அமுக்கினால் மேலே வந்து மல்லாந்து மிதந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகளுக்கு ஆறு வயதில் தெருநாய் ஒன்று அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. என் மனைவி பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை அடைத்து, அரக்கு நூலால் தைத்துக் கொடுத்தாள். இலவம்பஞ்சு சட்டென்று தண்ணீரை வாங்காது. கப்பல்களின் உயிர்காக்கும் மிதவைகளில் ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் ஈரம் ஏறிவிட்டால் கட்டி கட்டியாகிவிடும், எளிதில் காயாது. மூன்றாம் நாளும் கரடி முடை வீசியது.

தையலைப் பிரித்தால்தான் வழி. நெருக்கமான, சீரான தையல். அவள் கைவேலை என்று வீட்டில் மிஞ்சியிருப்பது அதிகமில்லை. இரண்டு நாள் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். குழந்தைக்கு மூச்சு முட்டும் என்றால் அவளே முதலில் வெட்டியிருப்பாள் என்று தோன்றியது. வெட்டினேன்.

உள்ளே பழுப்பேறிய பஞ்சு, நடுநடுவே கறுப்பு விதைகள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தோலை வெந்நீரில் துவைத்தேன். பூந்தமல்லியில் தலையணைக் கடையில் ஃபைபர் பஞ்சு அரைக் கிலோ வாங்கினேன். அதை எத்தனை முறையும் துவைக்கலாம். அவள் டப்பாவிலிருந்த அரக்கு நூலையே கோத்தேன். பழசாகி இற்றுப்போயிருந்தது, இழுக்க இழுக்க அறுந்தது. புது நூல் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, நானே தைத்தேன். கோணல்மாணலாக வந்தது.

மகள் வந்ததும் கரடியைத் திருப்பி வயிற்றைப் பார்த்தாள்.

"இது அம்மா தையல் இல்லையே."

"நான்தாம்மா பிரிச்சேன். பஞ்சு மக்கிப்போச்சு."

கொஞ்ச நேரம் அந்தத் தையலையே தடவிக்கொண்டிருந்தாள். மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். பிறகு பையனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். டாக்டரைப் போனில் கேட்டதற்கு, துவைத்து நன்றாகக் காய்ந்ததென்றால் ஒன்றிரண்டு இருக்கலாம் என்றாராம்.

ஊருக்குப் போகும்போது கரடியும் போயிற்று. மாதம் ஒருமுறை துவைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பரணிலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும். இறக்குவதென்றால் மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். ஐப்பசியில் எதுவும் காயாது.