மூன்றாம் முடிச்சு

வார நாளில் வானொலி மைக்; வார இறுதியில் திருமணக் கேமரா. தொழில் தொடங்கிய புதிதில் கிள்ளானில் ஒரு கோயில் கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, முழு சக்தியில் ஃபிளாஷ் அடித்தேன். முதல் முடிச்சு பதிவானது. ஃபிளாஷ் மீண்டும் தயாராகச் சில விநாடிகள் பிடித்தன. அதற்குள் மாப்பிள்ளையின் அக்கா மூன்றாம் முடிச்சைப் போட்டுவிட்டார். படத்தில் வெறும் இருட்டு.

“தம்பி, நான் முடிச்சுப் போட்ட படம் எங்கே?” என்று பிறகு கேட்டார். பதில் இல்லை. மீதிப் பணத்தை நான் வாங்கவில்லை.

இப்போது ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, ஃபிளாஷைக் கால் பங்காகக் குறைத்துவிடுகிறேன், அடுத்தடுத்து அடிக்கும். தாலிக்கு முன் புது பேட்டரி.

வானொலியில் தடுமாறினால் பாட்டைப் போட்டுச் சமாளிக்கலாம். தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?