அழைத்த குரல்

என் நாவல் ஒன்றில் ஒரு நர்ஸ் வருகிறாள். வருகிறாள் என்று சொல்வதுகூட அதிகம். மூன்று இடங்களில் தலைகாட்டிவிட்டுப் போகிறாள். மொத்தம் எண்ணிப் பார்த்தால் பத்து வாக்கியம் பேசியிருப்பாள். கதாநாயகனின் தகப்பனாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ் இல்லாமல் முடியுமா? அதற்காக எழுதினேன். அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் ஒரு நர்ஸ். பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளில் அந்த நாவலை வாசித்தாளாம். இரவு மூன்று மணிக்குக் கிழவரின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, 'தூங்குங்க ஐயா, நான் இங்கேதான் இருக்கேன்' என்று அந்த நர்ஸ் சொல்கிற இடத்தைப் படித்தபோதே, தானும் நர்ஸ் ஆவது என்று தீர்மானித்துவிட்டாளாம். இப்போது கொரோனா வார்டில் வேலை. "எங்களோடு டியூட்டி பார்த்த அக்கா ஒருத்தர் போன வாரம் போய்விட்டார் ஐயா. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்களால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்" என்று முடித்திருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'சந்தோஷம்' என்று எழுதுவதா, 'வருத்தம்' என்று எழுதுவதா என்று விளங்கவில்லை. நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். பிறகு கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

மறு ஆண்டு ஜூலை 30ஆம் தேதி நிஷெல் நிக்கல்ஸ் என்ற அமெரிக்க நடிகை தம் 89ஆவது வயதில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த இழுப்பறை நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாள் 1932ஆம் ஆண்டு, சிகாகோவுக்கு அருகிலுள்ள ராபின்ஸ் என்ற ஊரில் பிறந்தார். கறுப்பின மக்கள் தாங்களே நிர்வகித்துக்கொண்ட சிற்றூர் அது. தகப்பனார் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தவர். மகளுக்கு ஆட்டமும் பாட்டும் நன்றாக வந்தன. டியூக் எலிங்டன், லயனல் ஹாம்ப்டன் போன்ற பெரிய இசைமேதைகளின் குழுக்களில் பாடினார். மேடைதான் அவருடைய கனவு. டெலிவிஷன் வழியில் வந்து சேர்ந்த வேலை.

1966ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விஞ்ஞானக் கதைத் தொடர் ஆரம்பமாயிற்று. சில நூற்றாண்டுகளுக்குப் பிந்திய காலம். நட்சத்திரங்களுக்கிடையே ஒரு கப்பல் போகிறது. அதில் பல தேசத்தாரும், வேற்றுக் கிரகத்தான் ஒருவனும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அதில் தகவல் தொடர்பு அதிகாரி உஹூரா என்ற பாத்திரம் நிஷெல் நிக்கல்ஸுக்குக் கிடைத்தது. ஸ்வாஹிலி மொழியில் சுதந்திரத்துக்கு 'உஹுரு' என்று பெயர். அதிலிருந்து பிறந்த பெயர் இது. பெயர் பெரிது, வேலை சின்னது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, காப்டனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே வரும் கப்பலை அழைக்க வேண்டும். வழி திறந்தாயிற்று என்று சொல்ல வேண்டும். நம் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 'லைன் போட்டாச்சு, பேசுங்க' என்று சொல்லும் பெண்ணின் வேலைதான். 79 கதைகள் ஒளிபரப்பாகித் தொடர் 1969இல் முடியும் வரை உஹூராவின் முதற்பெயர் என்ன என்பதுகூடத் திரையில் சொல்லப்படவில்லை. அது சினிமாவில் ஒலித்தது 2009இல்தான்!

ஒரு வருஷம் நடித்ததும் அந்த அம்மாளுக்கு அலுத்துவிட்டது. எழுதித் தந்த வசனமும் படப்பிடிப்புக்கு முன் குறைந்துபோகும். நியூயார்க் நாடக மேடைக்குப் போய்விடுவது என்று தயாரிப்பாளர் ஜீன் ராடன்பரியிடம் ராஜிநாமாவைக் கொடுத்தார். வாரக் கடைசியில் யோசித்துவிட்டுச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் நடந்ததைப் பிற்காலத்தில் அந்த அம்மாள் ஓயாமல் சொல்லி வந்தார். ஒரு விருந்தில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்றார்களாம். திரும்பிப் பார்த்தால், நிற்பவர் மார்ட்டின் லூதர் கிங்! விலகப் போகிற சேதியைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. விலகக் கூடாது என்றார். தாமும் மனைவியும் குழந்தைகளைக் கண்விழித்துப் பார்க்க அனுமதிக்கும் ஒரே நிகழ்ச்சி அதுதான் என்றார். வேலைக்காரியாக இல்லாமல், எல்லோருக்கும் சமமாக ஒரு கறுப்பினப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதன் அர்த்தத்தை அவளே அறியவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். திங்கட்கிழமை அந்த அம்மாள் ராஜிநாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

உஹூராவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1968இல் ஒளிபரப்பான ஒரு கதையில் வெள்ளைக்காரக் காப்டனோடு வந்த முத்தத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அந்த நாற்காலிதான் பெரிது. முத்தம் ஒரு நாள் செய்தி. நாற்காலி வாரா வாரம் இருந்தது.

அந்த நாற்காலியை யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தெற்குக் கரோலினாவில் லேக் சிட்டி என்ற ஊர். 1959இல் ரொனால்ட் மெக்நேர் என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் நூலகத்தில் புத்தகம் கேட்டான். தர மறுத்தார்கள். புத்தகமில்லாமல் போக மாட்டேன் என்று அவன் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, போலீஸை அழைத்தார்கள். கடைசியில் புத்தகம் கிடைத்தது. வளர்ந்த பையன் 'ஸ்டார் ட்ரெக்' பார்த்தான். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை செய்வதெல்லாம் கற்பனை என்று தான் நினைத்ததாகவும், ரொனால்ட் மட்டும் அதை நடக்கக்கூடிய விஷயமாகப் பார்த்ததாகவும் அவருடைய அண்ணன் பின்னாளில் சொன்னார்.

1977இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா, புதிய விண்கலத்துக்கு ஆள் சேர்த்தது. அதுவரை போனவர்கள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். பெண்களும் மற்ற இனத்தாரும் அதிகமாக விண்ணப்பம் போடவில்லை. போட்டாலும் எடுக்க மாட்டார்கள் என்ற எண்ணம். அவர்களை அழைக்கும் பொறுப்பை நாஸா நிஷெல் நிக்கல்ஸிடம் ஒப்படைத்தது. தகுதியுள்ளவர்களைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் பழையபடியே செய்தால் வழக்குப் போடுவேன் என்று எச்சரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாராம்! நான்கு மாதம் கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகச் சுற்றினார். முடிவில் வந்த விண்ணப்பங்கள் 8,000க்கு மேல். அவற்றில் பெண்களுடையவை மட்டும் 1,500ஐத் தாண்டின. 1978 ஜனவரியில் தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர், ஓர் ஆசிய வம்சாவளியினர். திரையில் அழைத்தவர் வெளியிலும் அழைத்தார்; ஆட்கள் வந்தார்கள்.

கதையானால் நான் இங்கேயே முற்றும் போட்டுவிடுவேன். வாழ்க்கை அங்கே முடியவில்லை.

1986 ஜனவரி 28. குளிர் மிகுந்த காலை. சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது விநாடியில் சிதறிப்போயிற்று. ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனது காரணம். குளிரைப் பற்றி என்ஜினீயர்கள் முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். மாண்டவர் ஏழு பேர். அவர்களில் நால்வர் அந்த 1978ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்தவர்கள். ஜூடித் ரெஸ்னிக் என்ற பெண் ஒருவர். நூலக மேஜைமேல் உட்கார்ந்த ரொனால்ட் மெக்நேர் ஒருவர்.

அன்று அந்த அம்மாள் எப்படி இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். ரப்பர் வளையத்துக்கு அவர் ஜவாப்தாரி அல்ல. ஆனாலும் 'வாருங்கள், இது உங்களுக்கும் உரிய இடம்' என்று வாசலில் நின்று கூப்பிட்ட குரல் அவருடையது. கூப்பிட்ட குரலுக்குப் பங்கே இல்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கூப்பிட்டவர் சொல்லிக்கொள்ள முடியுமா?

அவர் ஓயவில்லை, வாசலை விட்டு நகரவும் இல்லை. 1992 செப்டம்பரில் மே ஜெமிசன் என்ற டாக்டர், விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். சிறுமியாக உஹூராவைப் பார்த்து வளர்ந்தவர். விண்கலத்தில் தம் முறை வரும்போதெல்லாம் உஹூராவின் அந்தத் தொடர்பு வாக்கியத்தைச் சொல்லித்தான் வேலையை ஆரம்பித்தார். 2015இல், லேசான பக்கவாதம் கண்ட சில மாதங்களுக்குள், 82ஆவது வயதில், நாஸாவின் பறக்கும் தொலைநோக்கி விமானத்தில் ஏறி உயரே போய் வந்தார் அந்த அம்மாள். பிறரை அனுப்பிவிட்டுத் தரையிலேயே நிற்க அவருக்கு மனமில்லை என்று நான் அர்த்தம் செய்துகொள்கிறேன். கடைசி வருஷங்களில் ஞாபகம் மங்கிற்று. 2024 ஜனவரியில் அவருடைய அஸ்தியில் ஒரு சிட்டிகையை ஒரு ராக்கெட் சந்திரனுக்கும் அப்பால் கொண்டுபோய்விட்டது.

அவர் இறந்த செய்தி வந்த அன்று ராத்திரி நான் இழுப்பறையைத் திறந்தேன். அம்மா, நான் யோசிக்காமல் எழுதிய ஒரு வரி உன்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும் என்று எழுதினேன். வருஷம் கழித்து எழுதுவதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. சௌக்கியமாக இருக்கிறாள். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். "உங்கள் நாவலைப் படிக்கக் கொடுக்கிறேன் ஐயா. வார்டில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொல்கிறேன். இரண்டையும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் வரட்டும்" என்று எழுதியிருந்தாள். அடியில் ஒரு வரி: "அந்த நர்ஸுக்கு ஒரு பெயர் வைத்தால் என்ன?"

அடுத்த பதிப்புக்குப் புரூஃப் வந்திருக்கிறது. பெயரை எழுதிச் சேர்த்துவிட்டேன்.